பனிக்குப் பக்கவாத்தியம்

அன்றைய கச்சேரியின் பிரதானக் கலைஞர் மேடைக்கு வரவில்லை. வரவும் முடியாது. அண்டார்க்டிகாவின் ஓரத்தில், பாதி நிலத்தைப் பிடித்துக்கொண்டும் பாதி கடலில் மிதந்துகொண்டும் கிடக்கிற ஒரு பனித்தட்டு அது. பரப்பளவில் பழைய தஞ்சாவூர் ஜில்லாவுக்குக் கொஞ்சம்தான் குறைச்சல். அதற்குப் பதிலாக மேடை நடுவில் ஒரு மரப்பலகை போட்டு, ஜமுக்காளம் விரித்து, மைக் வைத்து, சபா செயலாளர் தனஞ்செயன் ஒரு ரோஜா மாலையையும் சார்த்தியிருந்தார்.

"மாலை யாருக்கு சார்?" என்று கேட்டேன்.

"வெறும் பலகையா இருந்தா துக்கம் விசாரிக்க வந்த மாதிரி இருக்கும்மா" என்றார்.

மாலை போட்ட பிறகுதான் அப்படி இருந்தது. சொன்னால் மனுஷர் வருத்தப்படுவார் என்று விட்டுவிட்டேன்.

என் பெயர் தாட்சாயணி. இருபத்தைந்து வருடமாக வயலின் பக்கவாத்தியம். யாருக்கெல்லாமோ வாசித்திருக்கிறேன், ஐஸ் கட்டிக்கு வாசிப்பேன் என்று ஜாதகத்தில்கூட எழுதியிருக்காது. எல்லாம் என் தங்கை பூங்கோதையால் வந்த வினை. அவள் பனி விஞ்ஞானி. அந்தப் பனித்தட்டின் மேல்தான் இன்னும் மூன்று பேரோடு கூடாரம் போட்டிருந்தாள். இங்கே மார்கழி என்றால் அங்கே கோடை. சூரியன் அஸ்தமிக்கவே அஸ்தமிக்காது. கச்சேரிக்கு முன்னால் சாட்டிலைட் போனில் கூப்பிட்டாள்.

"என்ன புடவைக்கா?"

"மாம்பழக் கலர்."

"நல்லது. இங்க வெள்ளையத் தவிர வேற கலரையே நான் பார்க்கல."

"கோதை, ஒத்திகையில அது என்ன கர்ஜனை கர்ஜிச்சுது தெரியுமா? அது மேலயாடி படுத்துத் தூங்குறே?"

அவள் சிரித்தாள். "சத்தம் போட்டா பயமே இல்லக்கா. கட்டிப் போட்ட மாடு மாதிரி அது. அலை ஏறி இறங்கறப்பல்லாம் கயித்த இழுக்கும், அந்த முனகல்தான் உனக்குக் கேக்குது. கயிறு அறுந்துட்டா மாடு ஏன் கத்தப் போகுது? அது பாட்டுக்கு நடந்து போயிடும்."

"அப்படின்னா சத்தம் நின்னாதான் பயமா?"

"ஆமா. நின்னுச்சுன்னா நாங்க இருக்கற துண்டு தனியா பிரிஞ்சிடுச்சுன்னு அர்த்தம். ஆனா விரிசல் ஒடனே அகலமாகாது. அரை மணி நேரம் கெடைக்கும், நாங்க வண்டியில ஏறி நிலத்துப் பக்கம் போயிடுவோம். நாங்க தூங்கறப்பவும் தரமணியில ஒருத்தர் ஹெட்போன் போட்டுக் கேட்டுக்கிட்டே இருக்காரே, அது எதுக்குன்னு நெனச்சே?"

அதுதான் ஏற்பாடு. பனிக்குள் கருவிகளைப் புதைத்திருந்தார்கள். காதுகள் என்றுதான் அவற்றைச் சொல்வாள். அவை அனுப்புகிற எண்களைப் பார்த்து முன்பு ஒரு கம்ப்யூட்டர் மணி அடித்துக்கொண்டிருந்தது. பறவை நடந்தாலும் அடிக்கும். புலி வருது கதையாகி, கடைசியில் ஒருவரும் அதைச் சட்டை செய்யவில்லை. அப்போதுதான் யாருக்கோ யோசனை வந்தது. எண்களை இசையாக மாற்றி மனிதர்களைக் கேட்க வைத்தால் என்ன? சுதி பிசகினால் நம்மூரில் வெற்றிலைபாக்குக் கடைக்காரருக்கும் தெரியுமே. ரேவதி ராகத்தில் போட்டார்கள். ஐந்தே சுரம், குழப்பம் இல்லை. தரமணியில் ஒரு கேட்பு அறை திறந்தார்கள், முறை வைத்துக் கேட்டார்கள். நன்றாகத்தான் நடந்தது. நன்றாக நடப்பதை மேடை ஏற்றாமல் விடுவோமா? தனஞ்செயன் தேதி கொடுத்துவிட்டார்.

இசையாக மாற்றும் வேலை நஸ்ரின் என்ற பெண்ணுடையது. கெட்டிக்காரி. ஒத்திகையில் அவளுக்கு ஒரே ஒரு தலைவலிதான். சாட்டிலைட் தொடர்பு அவ்வப்போது சில வினாடிகள் அறுந்துபோகும். பாட்டு நடுவில் பொத்தென்று ஓட்டை விழும்.

"அக்கா, பாடறவங்க மூச்சு வாங்கறப்ப நீங்க என்ன வாசிப்பீங்களோ, அத எனக்குக் குடுங்க. அத வெச்சு ஓட்டைய அடைச்சுக்கறேன்" என்றாள்.

கொடுத்தேன். என்னுடைய பழைய கச்சேரிப் பதிவுகள் அத்தனையையும் கொடுத்தேன். அவற்றில் என்ன இருந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். பக்கவாத்தியத்துக்கு முதல் தர்மம், பாடுகிறவரைக் காட்டிக்கொடுக்கக் கூடாது. ஒரு பெரிய வித்வானுக்கு ஒரு சீசன் முழுக்க மேல் ஷட்ஜம் எட்டவில்லை. அவர் வாயைத் திறப்பதற்கு ஒரு இழை முன்னாலேயே நான் அந்த ஷட்ஜத்தில் போய் நின்றுகொள்வேன். மறுநாள் பத்திரிகையில் அவருடைய சாரீரத்தை வானளாவப் புகழ்ந்தார்கள். இன்னொருவர் சரணத்தை மறந்து முழித்தபோது, ஏதோ எனக்குத்தான் ஆவேசம் வந்தது போல நடுவில் புகுந்து, அவருக்கு ஞாபகம் வரும்வரை வாசித்தேன். சபையில் யாருக்கும் தெரியாது. தெரியாமல் செய்வதுதான் வித்தை. எனக்கு அதில் பெருமை உண்டு. நஸ்ரினின் கம்ப்யூட்டர் அதையெல்லாம் கேட்டுக் கேட்டு வளர்ந்தது. அதற்கு அவள் நிழல் என்று பெயர் வைத்தாள். மேடையில் என் மைக்கையும் அதோடு இணைத்தாள்.

மாலை ஆறு மணிக்குத் திரை விலகியது. அரங்கம் நிறைந்த கூட்டம். முன்வரிசையில் ரசிக சிகாமணிகள். எனக்கு எதிரே மிருதங்கத்தோடு கலியமூர்த்தி அண்ணன். நடுவில் மாலை போட்ட பலகை.

பனி நல்ல பாடகர் இல்லை. வர்ணத்தின் இடத்தில் தன்பாட்டுக்குத் தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தது. ஒரு சஞ்சாரத்தை ஆரம்பித்துப் பாதியில் விட்டுவிடும். சரி, நாம் பதில் சொல்லலாம் என்று வில்லைத் தூக்கினால் குறுக்கே விழுந்து கத்தும்.

"இதுக்குத் தாளமும் இல்ல, தாட்சண்யமும் இல்ல" என்று அண்ணன் மைக்குக்குக் கேட்காமல் முணுமுணுத்தார். "நம்ம பெரிய வித்வான்க மாதிரியேதான் இருக்கு."

அப்புறம் அது திருந்தியது. வர்ணம் முடிந்த கொஞ்ச நேரத்தில், பனி எனக்கு இடம் விட ஆரம்பித்தது. ஒரு பிடியைப் பாடிவிட்டுக் காத்திருந்தது. நான் வாசித்ததைக் கேட்டு, அதிலிருந்தே அடுத்ததைத் தொடங்கியது. முன்வரிசையில் தலைகள் ஆடின. ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் சொக்கிவிட்டது, பொய் சொல்வானேன். பக்கவாத்தியத்துக்கு இடம் கொடுத்துப் பாடிய மகராசர்களை நான் விரல்விட்டு எண்ணிவிடுவேன். போயும் போயும் ஒரு ஐஸ் கட்டிக்கு அந்தப் பெருந்தன்மை இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன்.

ஆலாபனை மேலே ஏறியது. மேல் நிஷாதத்தைப் பனி தொட்டது. தொட்ட விதத்தில் என் கை நின்றுவிட்டது.

எனக்குச் சுண்டுவிரல் பிறவியிலேயே குட்டை. எட்டாத இடத்துக்கு மோதிரவிரலைத்தான் சறுக்கிக்கொண்டு போவேன். போகும்போது ஒரு நூலளவு தயக்கம் விழும். சின்ன வயதில் கோதை அதை நொண்டி கமகம் என்று கேலி செய்வாள். உலகத்தில் வேறு யாருக்கும் அந்த நொண்டல் கிடையாது. இப்போது ஒலிபெருக்கியிலிருந்து வந்தது அதுதான்.

சாட்டிலைட் ஒரு நொடி அறுந்திருக்கும், நிழல் அடைத்திருக்கும் என்று சமாதானம் செய்துகொண்டேன். அடுத்த பிடியிலும் அது வந்தது. அதற்கு அடுத்ததிலும்.

ஒன்று செய்து பார்த்தேன். ரேவதியில் காந்தாரம் கிடையாது. ஆயிரம் பேர் நடுவில், வேண்டுமென்றே, காந்தாரத்தை அழுத்தி வாசித்தேன். அண்ணனின் கை ஒரு தட்டு பிந்தியது. முன்வரிசை முகம் சுளித்தது.

பனி என்ன செய்திருக்க வேண்டும்? அதன்பாட்டுக்கு முனகியிருக்க வேண்டும். நான் காந்தாரம் வாசித்தால் அதற்கென்ன, கழுத்தறுத்தால்தான் அதற்கென்ன? ஆனால் ஒலிபெருக்கியில் இருந்தது அந்தக் காந்தாரத்தைப் பதமாகத் தொட்டு, வழுக்கி, மத்தியமத்தில் கொண்டுபோய் உட்கார வைத்தது. என் தப்பு ஏதோ புதுமை போல ஆகிவிட்டது. "பலே" என்றார்கள் முன்வரிசையில்.

என்னைக் காட்டிக்கொடுக்காமல் காப்பாற்றிவிட்டது. நான் பயந்து நடுங்கினேன்.

அரங்கத்தின் பின்னால் கருவிகளோடு இருந்த நஸ்ரினுக்குக் கையைக் காட்டினேன். அவள் சிரித்துக்கொண்டே ஒலியைக் கூட்டினாள். வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். இன்னும் கூட்டினாள். வயலினைக் கீழே வைத்துவிட்டு மைக்கைப் பிடித்தேன்.

"பாடறது பனி இல்ல. நான்தான் பாடிக்கிட்டிருக்கேன்."

அரங்கம் கைதட்டியது. அத்வைதம் என்று நினைத்திருப்பார்கள்.

எழுந்து மேடையைவிட்டு இறங்கினேன். தனஞ்செயன் குறுக்கே ஓடி வந்தார். "என்னம்மா இது? மங்களம் பாடாம எறங்கலாமா? பெரிய மனுஷங்கல்லாம் உக்காந்திருக்காங்க." அவரைச் சுற்றிக்கொண்டு ஓடினேன். என் பின்னால் பனி தன்னந்தனியாக, அழகாக, என் கையால் பாடிக்கொண்டிருந்தது.

"நிழல நிறுத்து" என்றேன் நஸ்ரினிடம்.

"கனெக்‌ஷன் நல்லாத்தான்க்கா இருக்கு. ஒரு தடவகூட அறுபடல, பாருங்க, பச்சை லைட்டு."

"நிறுத்து நஸ்ரின்."

நிறுத்தினாள். தம்புராவின் ரீங்காரம் மட்டும் மிஞ்சியது. பனியிடமிருந்து ஒன்றுமே வரவில்லை. நஸ்ரின் திரையைப் பார்த்தாள். அவள் முகம் வெளுத்துவிட்டது.

"ரெண்டு நிமிஷத்துக்கு மேல கனெக்‌ஷன் போனா நிழல் தானா நின்னுடணும்னு எழுதியிருந்தேன்க்கா. ஆனா இது போகவே இல்ல. எண்ணெல்லாம் வந்துக்கிட்டேதான் இருக்கு. எல்லாம் சைபரா வருது." திரையைத் தொட்டுக் காட்டினாள். "பாடறவங்க மூச்சு வாங்கறாங்கன்னு அது நெனச்சிருக்கு."

"எப்போலேருந்து?"

"வர்ணம் முடிஞ்சதுலேருந்து."

"தரமணியில ஒருத்தர் கேட்டுக்கிட்டிருக்காரே, அவர் என்ன பண்றார்?"

அவள் போனை எடுத்து, எனக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டாள். கேட்பு அறைக்காரர் உடனே எடுத்தார். நிம்மதியான குரல்.

"நான் கேட்டுக்கிட்டேதான் மேடம் இருக்கேன். இன்னிக்கு ரொம்ப பிரமாதம். இப்பதான் நின்னுச்சு, நீங்க இடைவேளை விட்டிருக்கீங்கன்னு நெனச்சேன்."

நஸ்ரின் இணைப்பைத் துண்டித்தாள். "போன வாரம் அவங்களே கேட்டாங்கக்கா. வெறும் பனியக் கேட்டா காது வலிக்குது, கச்சேரிக்குப் போடறதையே எங்களுக்கும் குடுங்கன்னாங்க. சரின்னு ரெண்டு பேருக்கும் ஒண்ணாவே போட்டுட்டேன்." அழ ஆரம்பித்தாள். அவளைச் சமாதானம் செய்ய எனக்கு நேரமில்லை, மனசும் இல்லை. அவள் கையிலிருந்து போனைப் பிடுங்கிக் கோதையின் எண்ணைப் போட்டேன்.

எடுத்தாள். "ஏன்க்கா நிறுத்திட்டீங்க? நாங்க நாலு பேரும் கூடாரத்துல ஸ்பீக்கர்ல போட்டுக் கேட்டுக்கிட்டிருந்தோம். அந்தக் காந்தாரம் என்னக்கா? துணிச்சல்தான் உனக்கு."

அந்தப் பனியின் மேலேயே உட்கார்ந்துகொண்டு, அவளும் பனியைக் கேட்கவில்லை. என்னைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"கோதை, அது பனி இல்லடி. நிழல். பனி வர்ணத்தோடயே நின்னுடுச்சு."

காற்றின் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு கூடாரத்தின் ஜிப்பைத் திறக்கிற சத்தம், பூட்ஸ் சத்தம், இந்தியில் யாரோ ஏதோ கேட்பது. மறுபடி காற்று. கலியமூர்த்தி அண்ணன் எப்போது பக்கத்தில் வந்து நின்றார் என்று தெரியவில்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"மாடு கிளம்பிடுச்சுக்கா" என்றாள் கோதை. குரலில் ஒரு பதற்றமும் இல்லை. அவள் ரொம்பப் பயந்தால்தான் அப்படிப் பேசுவாள். "ரெண்டு லாரி நீளத்துக்குத் தண்ணி தெரியுது. தாண்ட முடியாது."

வர்ணம் முடிந்தபோது அது ஒரு எட்டில் தாண்டுகிற அகலம்தான் இருந்திருக்கும். அவள் அதைச் சொல்லவில்லை.

"கப்பல்லேருந்து ஹெலிகாப்டர் வரணும். பனிமூட்டமா இருக்கு, வெலகினாதான் கெளம்புவாங்க. அதுவரைக்கும் இந்தத் துண்டு முழுசா இருக்கணும். இது இன்னும் ஒடையும்க்கா, ஓரத்துலேருந்து ஒடையும். எங்களுக்கு இங்க காத்துல ஒண்ணும் கேக்காது. ஆனா காதெல்லாம் இன்னும் உள்ளதான் பொதைஞ்சிருக்கு. ஒடையறதுக்கு முன்னாடி ஒரு சத்தம் வரும். எந்தப் பக்கம்னு மட்டும் நீ சொன்னா, நாங்க எதிர்ப்பக்கம் ஓடிடுவோம்."

"எந்தப் பக்கம்னு எனக்கு எப்படிடி தெரியும்?"

நஸ்ரின் அழுகையை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். "தெரியும்க்கா. ஹாலச் சுத்தி ஸ்பீக்கர் வெச்சதே அப்படித்தான். கிழக்குல இருக்கற காதெல்லாம் இடது பக்கம், மேற்கு வலது பக்கம். பின்னாடி கடல்." ரேவதியையும் எடுத்துவிட்டாள். இனி ராகம் கிடையாது, சுரம் கிடையாது. பனி போடுகிற சத்தம் எதுவோ அதுதான் வரும்.

மேடை ஏறி நடந்ததைச் சபையில் சொன்னேன். அலங்காரமாகச் சொல்ல வரவில்லை. என் தங்கை அங்கே இருக்கிறாள், நாலு பேர் உயிர், உங்கள் காது வேண்டும் என்றேன். யாருக்காவது சத்தம் கேட்டால் வாயைத் திறக்க வேண்டாம், அந்தப் பக்கத்துக் கையைத் தூக்குங்கள். சிலர் எழுந்து போய்விட்டார்கள். மற்றவர்கள் இருந்தார்கள். தனஞ்செயன் தம்புராவை நிறுத்தினார், ஏ.சி.யை நிறுத்தினார், வாசலில் டிக்கெட் கிழிப்பவரைக்கூட உட்காரச் சொன்னார். பிறகு தன் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சுவரோரமாக நின்றுவிட்டார்.

கொஞ்ச நேரத்துக்கு முன்னால் சத்தம் இல்லையே என்று நடுங்கினேன். இப்போது சத்தம் வந்துவிடக் கூடாதே என்று நடுங்கினேன். போனைக் காதில் அழுத்திக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் காற்று. இந்தப் பக்கம் வேர்வையில் நனைந்து ஆயிரம் பேர். இருமல் வந்த ஒரு பெரியவர் துண்டை வாயில் திணித்துக்கொண்டு கண் பிதுங்க உட்கார்ந்திருந்தார். எனக்கு என் இதயம் அடிப்பதுதான் பெரிய தொல்லையாக இருந்தது.

வலது பக்கம் ஒரு கை எழுந்தது. அடுத்து இரண்டு. மேற்கு என்று சொல்ல வாயெடுத்துவிட்டேன். கலியமூர்த்தி அண்ணன் என் மணிக்கட்டை வலிக்கப் பிடித்தார்.

"லாரிம்மா. ரோட்டுல போவுது."

லாரிதான். நான் மேற்கு என்று சொல்லியிருந்தால் நாலு பேரும் கிழக்கே ஓடியிருப்பார்கள். அந்த மாலை போட்ட பலகையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அப்போது அது வந்தது. எந்தச் சுரத்துக்கும் கட்டுப்படாமல், இரண்டு சுரத்துக்கு நடுவில் மாட்டிக்கொண்டு, பச்சை மரத்தைப் பிளப்பது போல ஒரு ஓசை. அத்தனை அவலட்சணமான ஒலியை நான் என் ஆயுசில் வாசித்ததில்லை. வாசிக்கச் சொன்னாலும் என்னால் முடியாது. அதனால்தான் அது பனி என்று தெரிந்தது. இடது பக்கம் முழுக்க, கீழ் வரிசையிலிருந்து பால்கனிவரை, கைகள் எழுந்து நின்றன.

"கிழக்கு, கோதை. கிழக்கால ஒடையுது, மேற்கே ஓடுங்க."

ஓடுகிற சத்தம். யாரோ விழுகிற சத்தம், யாரோ பெயர் சொல்லிக் கத்துவது. அதன் மேல் இடப்பக்க ஒலிபெருக்கிகள் எல்லாம் ஒன்றாக அலறின. ஒரு பெண் காதைப் பொத்திக்கொண்டாள். அவள் பக்கத்தில் இருந்தவர் மெதுவாக அவள் கைகளை எடுத்துவிட்டார். அலறல் அடங்கியது. போனில் காற்று மட்டும் இருந்தது. காற்று மட்டும்தான் இருந்தது.

"கோதை" என்றேன். "கோதை."

"இருக்கோம்." மூச்சு வாங்கியது அவளுக்கு. "நாலு பேரும் இருக்கோம். கூடாரம் போயிடுச்சு." பிறகு கேட்டாள்: "அடுத்தது எந்தப் பக்கம்க்கா?"

கேட்டுச் சொல்கிறேன் என்றேன். ஹெலிகாப்டர் இன்னும் கப்பலைவிட்டுக் கிளம்பவில்லை.